எழுந்து நடந்தாலும் நம்பாதீர்கள்: தோட்டத்து நாய்க்கு அடிபட்டால் என்ன செய்வது?

இளம்பிள்ளைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மரவள்ளியில் மாவுப்பூச்சி பார்க்கப் போயிருந்தேன். கிழங்குக் காட்டை ஒட்டியே தார்ச்சாலை. தறிப் பட்டறைகளில் இருந்து சேலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வண்டிகள் ஓயாமல் போய்வரும் சாலை அது. நாங்கள் இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ‘படார்’ என்று சத்தம். தோட்டத்து நாய் ஒரு சரக்கு வேனில் அடிபட்டு, இரண்டு முறை உருண்டு, கத்திக்கொண்டே எழுந்து ஓடி, ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது.

போய்ப் பார்த்தோம். ரத்தம் இல்லை. கூப்பிட்டதும் எழுந்து வந்தது, வாலையும் ஆட்டியது. “கால் நல்லா ஊனித்தானுங்க சார் நடக்குது, ஒண்ணும் ஆகலைங்க” என்றார் தோட்டக்காரர். நானும் தலையாட்டிவிட்டு மாவுப்பூச்சிக்குத் திரும்பிவிட்டேன். மறுநாள் காலை போன் வந்தது. விடிகாலையில் தண்ணீர்த் தொட்டி ஓரம் நாய் செத்துக் கிடந்திருக்கிறது.

கால்நடை மருத்துவரான நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “ஈறு என்ன நிறத்தில் இருந்தது?” என்பதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. இலை வெளிறினால் இரும்புச்சத்துக் குறைவா, தழைச்சத்துக் குறைவா என்று நின்ற இடத்தில் சொல்லத் தெரிந்த நாங்கள் இரண்டு பேரும், பக்கத்திலேயே நின்ற நாயின் உதட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை.

உழவியல் படித்தவன் வேளாண் பக்கத்தில் நாயைப் பற்றி எழுதுவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். அந்தத் தோட்டத்தில் 14 ஆடுகள் இருந்தன. காவலுக்கு அந்த ஒரு நாய்தான். அது போன பிறகு தோட்டக்காரர் பட்டிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுக்க வேண்டியதாயிற்று. அப்படியும் இரண்டு மாதத்துக்குள் இரண்டு ஆடுகள் போய்விட்டன. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை வட்டாரங்களில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் அண்மைக் காலச் செய்தி. பட்டி நாயின் மதிப்பு பட்டி வைத்திருப்பவருக்குத் தெரியும். ஆனால் மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் உடனே மருந்தகத்துக்கு ஓடுகிறவர்கள்கூட, நாய்க்கு அடிபட்டால் ‘நக்கியே ஆத்திக்கும்’ என்று விட்டுவிடுகிறோம்.

வெளியே காயம் இல்லை, உள்ளே என்ன?

நாய் வலியைக் காட்டிக்கொள்ளாத பிராணி. அடிபட்ட வேகத்தில் உடலில் சுரக்கும் அட்ரினலின், வலி தெரியாமல் சிறிது நேரம் ஓடவும் வைக்கும். எனவே எழுந்து நடந்தது, வாலாட்டியது என்பதெல்லாம் நலம் என்பதற்குச் சான்று ஆகாது. வண்டியில் அடிபட்ட நாய்க்கு மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம். நுரையீரல் கன்றிப்போய் மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்துத் தொடங்கலாம். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிந்து குடல் மார்புக்குள் ஏறிவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட நாய் படுக்கவே படுக்காது. முன்னங்கால் முட்டிகளை அகட்டி வைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி உட்கார்ந்தே இருக்கும். பார்க்கிறவர்கள் ‘பயந்துபோய் உக்காந்திருக்குது’ என்பார்கள்.

ஈற்றைப் பார்ப்பது இப்படி. மேலுதட்டை மெல்லத் தூக்குங்கள். நல்ல நிலையில் ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். விரலால் ஒரு முறை அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, 2 வினாடிக்குள் பழைய நிறத்துக்கு வந்துவிட வேண்டும். அதற்கு மேல் ஆனாலோ, ஈறே சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தாலோ உள்ளே ரத்தம் போகிறது அல்லது ரத்த ஓட்டம் விழுந்துவிட்டது என்று கொள்ளுங்கள். நீலம் பாய்ந்திருந்தால் மூச்சுக் கோளாறு. நம் ஊர் நாய்கள் பலவற்றுக்கு ஈறு இயற்கையிலேயே கறுப்பு. அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்கத்தைப் பார்க்கலாம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வெள்ளாட்டுக்குக் குடற்புழு இருக்கிறதா என்று கண் இமையை இழுத்துப் பார்க்கிறோமே, அதே கைப்பழக்கம்தான். நல்ல நாளிலேயே உங்கள் நாயின் ஈறு எப்படி இருக்கும் என்று பார்த்து வைத்துக்கொண்டால், கெட்ட நாளில் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது மூச்சு. ஓய்வாகப் படுத்திருக்கும் நாய் நிமிடத்துக்கு 10 முதல் 30 முறை மூச்சு விடும். விலா எழுந்து இறங்குவதை 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது வேறு. நிழலில் கிடந்தும், வாயை மூடியும் வேகமாக இரைத்தால், வயிறு உள்வாங்கி உள்வாங்கி மூச்சு விட்டால் காத்திருக்கக் கூடாது.

இந்த இரண்டும் சரியாக இருந்தாலும் ஒரு நாள், இரண்டு நாள் கண் வைத்திருங்கள். முக்கியமாகச் சிறுநீர் போகிறதா என்று பாருங்கள். இடுப்பில் அடிபட்ட நாய்க்கு மூத்திரப்பை கிழிந்திருந்தால் சிறுநீர் வராது, அல்லது ரத்தம் கலந்து சொட்டும். சோறு தின்னாமல் மூலையில் ஒதுங்குவது, ஒரே இடத்தை விடாமல் நக்குவது, வயிற்றைத் தொட்டால் முதுகை வளைப்பது, தூக்கும்போது முனகுவது ஆகிய எல்லாமே ‘எனக்கு அடிபட்டிருக்கிறது’ என்று அது சொல்வதுதான்.

தொடும் முன் வாயைக் கட்டுங்கள்

வளர்த்த நாய் கடிக்காது என்பது வலி இல்லாத வரைதான். கையில் தூக்கி வளர்த்தவரையே வலியில் கடித்துவிடும். அதன் மேல் குற்றம் இல்லை. எனவே முதல் வேலை வாய்க்கட்டு. இளம்பிள்ளையில் சேலைத் துணிக்குப் பஞ்சம் இல்லை. இரண்டு விரல் அகலத்தில், ஒரு கெஜ நீளத்துக்கு ஒரு பழைய சேலைக் கிழிசல் போதும். நடுவில் ஒரு தளர்முடிச்சு வளையம் போட்டு, பக்கவாட்டில் இருந்து வந்து மூக்குத்தண்டின் மேல் மாட்டி இறுக்குங்கள். இரண்டு முனைகளையும் தாடைக்குக் கீழே ஒரு முறை குறுக்காகப் போட்டு, காதுகளுக்குப் பின்னால் பிடரியில் முடிச்சுப் போடுங்கள். இழுத்தால் அவிழ்கிற முடிச்சாக இருக்கட்டும். மூக்குத் துவாரத்தை அடைக்கக் கூடாது.

வாந்தி எடுக்கும் நாய், மூச்சுத் திணறும் நாய், தாடை உடைந்த நாய், நினைவு தப்பிய நாய் ஆகியவற்றுக்கு மட்டும் வாயைக் கட்டக் கூடாது. வாந்தி மூச்சுக்குழாயில் ஏறிவிடும். அவற்றின் தலை மேல் ஒரு தடித்த துண்டைப் போட்டுக்கொண்டு தூக்கலாம். கட்டிய நாயையும் வெயிலில் போடாதீர்கள். நாய் வாய் திறந்து இரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது.

தூக்குவதிலும் முறை உண்டு. நான்கு காலையும் பிடித்து ஆட்டுக்குட்டி மாதிரித் தோளில் போடுவதைப் பார்த்திருக்கிறேன். முதுகெலும்பில் விரிசல் இருந்தால் அந்த ஒரு தூக்கிலேயே பின்னங்கால் இரண்டும் போய்விடும். பலகை, பழைய கதவு, தகரம் எதுவானாலும் சரி, நாயின் பக்கத்தில் வைத்து, தோளையும் இடுப்பையும் ஒரே நேரத்தில் பிடித்து அதன் மேல் நகர்த்துங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் சாக்கை விரித்து, அதில் நகர்த்தி, இரண்டு பேர் நான்கு முனைகளையும் இறுக்கிப் பிடித்துத் தூக்கலாம். மூச்சுத் திணறும் நாயை அது விரும்பும் நிலையிலேயே இருக்க விடுங்கள், மல்லாத்த வேண்டாம்.

கிணற்றில் விழுந்த நாய்க்கு ஒரு வார்த்தை. சேலம், நாமக்கல் சமவெளியில் பாறையை வெட்டி இறக்கிய ஆழமான கிணறுகள். பல கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. நாய்க்காகக் கயிறு கட்டி இறங்கி மனிதர் விழுந்தால் அதைவிடக் கொடுமை இல்லை. ஒரு கூடையையோ கட்டிலையோ கயிற்றில் கட்டி இறக்குங்கள். ஏறிப் படுத்துக்கொண்டு மூச்சு வாங்கவாவது இடம் கிடைக்கும். தீயணைப்புத் துறைக்கு 101-ல் சொன்னால் மாடு, நாய் எதுவானாலும் வந்து எடுக்கிறார்கள்.

ரத்தம் கொட்டினால்

அரிவாள் பட்டது, முள்வேலி கிழித்தது, கரும்புக் கட்டை பாதத்தில் ஏறியது, காட்டுப்பன்றி கொம்பால் குத்தியது என்று தோட்டத்து நாய்க்கு வரும் காயங்கள் பல. எதுவானாலும் ரத்தத்தை நிறுத்த ஒரே வழி அழுத்துவதுதான். சுத்தமான துணியை மடித்து வைத்து 5 முதல் 10 நிமிடம் கையை எடுக்காமல் அழுத்துங்கள். ‘நின்னுச்சா’ என்று நடுவில் தூக்கித் தூக்கிப் பார்த்தால் கட்டிய ரத்தம் பிய்ந்து மறுபடி ஒழுகும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வையுங்கள். கயிறு போட்டு இறுக்க வேண்டாம். கட்டுப் போட்டால் கீழே ஒரு விரல் நுழையும் தளர்வு இருக்கட்டும். பாதம் வீங்கினால் உடனே அவிழுங்கள்.

குச்சியோ கம்பியோ குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது. அதுதான் உள்ளே ரத்தக் குழாயை அடைத்துக்கொண்டு இருக்கும். வயிறு கிழிந்து குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளவும் கூடாது. உப்புநீரில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, சேலையால் தளர்வாகச் சுற்றி எடுத்துப் போங்கள். கொதிக்க வைத்து ஆற்றிய அரை லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி ஒரு டீஸ்பூன் உப்பு என்பது கணக்கு. சின்னக் காயங்களைக் கழுவவும் இதே தண்ணீர் போதும். சுடுதண்ணீரோ சாயப்பட்டறைக் கரைசலோ கொட்டிய இடத்தில் 10 நிமிடத்துக்குக் குறையாமல் குளிர்ந்த தண்ணீரை ஓடவிடுங்கள். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம்.

காபித்தூள், புகையிலை, மண்ணெண்ணெய், வண்டி ஆயில், பினாயில் இவையெல்லாம் நம் ஊரில் புண்ணுக்கு மருந்து. இவற்றில் ஒன்றும் வேண்டாம். நாய் தன் புண்ணை நக்கும். நீங்கள் தடவுவதெல்லாம் வயிற்றுக்குள் போகும். மாட்டுப் புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சள் எல்லாம் எண்ணெயில் காய்ச்சிப் போடும் முறையைக் கால்நடைப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. நல்ல முறைதான், மாட்டுக்கு. அதை அப்படியே நாய்க்குப் போடும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். பூண்டு நாய்க்கு ஆகாது.

கால் உடைந்தால் உளுத்தம்மாவும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவதும் இங்கே வழக்கம். காய்ந்ததும் அது இறுகும். காலோ வீங்கிக்கொண்டே போகும். ரத்த ஓட்டம் நின்று கால் கறுத்து, கடைசியில் காலையே எடுக்கும்படி ஆகிவிடும். உடைந்த காலை அசைக்காமல் பலகையில் வைத்துக் கொண்டுபோவதே சரியான முதலுதவி.

எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கும் தவறு மாத்திரை. வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், டைக்ளோபினாக், இபுபுரூபன் எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். வலி மாத்திரைகள் நாயின் குடலில் புண் உண்டாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் போய்விடும். (பிணம் தின்னும் கழுகுகள் அழிந்ததால் 2006-ல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்ட அதே டைக்ளோபினாக்தான். மருந்து ஒன்றுதான், உடலுக்கு உடல் விளைவு வேறு.) சோறு, பால், தண்ணீர் எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். அறுவை தேவைப்பட்டால் வயிறு காலியாக இருப்பது நல்லது.

அடி இல்லை, விஷம்

விழுந்து கிடக்கும் நாயைப் பார்த்து ‘யாரோ அடிச்சுட்டாங்க’ என்று முடிவு கட்டும் பல சமயம் காரணம் நாமே வைத்த மருந்தாக இருக்கும். இது என் துறையோடு ஒட்டியது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வாயில் நுரை தள்ளி, உடல் வெட்டி வெட்டி இழுத்து, கண்மணி குண்டூசி முனை போலச் சுருங்கி, கழிச்சலும் இருந்தால் பாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லியோ குருணை மருந்தோ உள்ளே போயிருக்கலாம். தெளிப்பான் கழுவிய தண்ணீரைக் குடிப்பதும், மருந்து பட்ட உடம்பை நக்குவதுமே போதும். கையுறை போட்டுக்கொண்டு உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே கிளம்புங்கள். இதற்கு அட்ரோபின் ஊசி இருக்கிறது. நேரத்தோடு போனால் பிழைக்கும்.

எலிக்கு வைக்கும் துத்தநாக பாஸ்பைடு வேறு வகை. வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவாக மாறுவதுதான் அதன் விஷம். ‘பால் ஊத்து, சோறு போடு, முறிஞ்சுரும்’ என்று ஊட்டினால் அமிலம் கூடி வாயு இன்னும் வேகமாகக் கிளம்பும். அந்த நாய் வண்டிக்குள் வாந்தி எடுத்தால் அந்த வாயு உங்களுக்கும் ஆகாது. கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். புரோமடியோலோன் கட்டிகளோ சத்தமில்லாமல் கொல்லும். தின்று மூன்று முதல் ஐந்து நாள் கழித்து ரத்தம் உறையாமல் போய், மூக்கில் ரத்தம், மூட்டு வீக்கம், நொண்டல், தோலில் கன்றல் என்று அப்படியே அடிபட்டது போலத் தெரியும். இதற்கு வைட்டமின் கே1 மருந்து. மருத்துவரிடம் போகும்போது மருந்துப் பாக்கெட்டை, டப்பாவை, கிடைத்தால் வாந்தியையும் ஒரு பையில் கட்டி எடுத்துப் போங்கள். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

பாம்பு கடித்த நாய்க்குப் பெரும்பாலும் முகத்திலோ முன்னங்காலிலோ கடி இருக்கும். விரியன் வகை என்றால் வீங்கும், ரத்தம் கசியும். நாகமோ கட்டுவிரியனோ என்றால் தள்ளாடி விழும், மூச்சு நின்றுபோகும். கட்டுப் போடுவது, கீறி ரத்தம் எடுப்பது இரண்டும் கூடாது. நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். மனிதருக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். எல்லாக் கால்நடை மருந்தகத்திலும் கையிருப்பு இருக்காது. கிளம்பும் முன் போன் செய்து கேட்டுக்கொண்டால் அரை மணி மிச்சம்.

தொண்டையில் எலும்பா?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தப் பகுதியை வையுங்கள். நாய் வாயைத் திறந்தபடியே இருக்கிறது, தாடை தொங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது, தின்ன முடியவில்லை, குரல் மாறியிருக்கிறது. ‘எலும்பு சிக்கிக்கிச்சு’ என்று கையை உள்ளே விட்டுத் தேடுவது கிராமத்தில் சாதாரணம். எலும்பாகவும் இருக்கலாம். ஆனால் வெறிநோயின் ஒரு வகை இப்படியேதான் தொடங்கும். பாய்ந்து கடிக்காது, குரைக்காது. தாடைத் தசை செயலிழந்து சோர்ந்து கிடக்கும். அந்த எச்சில் கையில் இருக்கும் சின்னக் கீறல் வழியாகப் போனாலே போதும். வெறிநோய்க்குறி தொடங்கிவிட்ட மனிதருக்கோ நாய்க்கோ சிகிச்சை இல்லை.

எனவே அப்படிப்பட்ட நாயின் வாயில் கை வைக்காதீர்கள். பட்டியிலோ அறையிலோ அடைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். ஏற்கெனவே எச்சில் பட்டுவிட்டது, அல்லது காயம்பட்ட நாயைத் தூக்கும்போது கடித்துவிட்டது என்றால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுகிறார்கள். ஆழமான கடிக்கு இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். ‘வீட்டு நாய்தானே’ என்று விட வேண்டாம்.

உங்கள் நாயை வேறு நாய் கடித்திருந்தாலும், கையுறை போட்டுக்கொண்டு புண்ணை அதேபோல் சோப்பால் கழுவி, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். முன்பே தடுப்பூசி போட்ட நாய்க்கும் கடிக்குப் பின் ஊசி உண்டு.

எங்கே போவது?

பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் முதலுதவி கிடைக்கும். கால்நடைகளுக்கான 1962 எண்ணில் அழைத்தால் நடமாடும் மருத்துவ ஊர்தி எங்கே இருக்கிறது, என்ன செய்யலாம் என்று தெரியும். எக்ஸ்ரே, ஸ்கேன், அறுவை என்று போனால் இளம்பிள்ளைக்காரர்களுக்குச் சேலம் நகரம் கிட்டம். அங்கே முடியாத நிலைக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1985-ல் தொடங்கியது, கோழிக்குப் பேர் போனது என்றாலும் நாய்களும் தினமும் வருகின்றன. ஆத்தூர்ப் பக்கத்தவர்களுக்குத் தலைவாசல் கல்லூரி அருகில். இரவில் எந்த இடம் திறந்திருக்கும் என்பதைப் பகலிலேயே விசாரித்து, எண்ணைப் பட்டிச் சுவரில் எழுதி வையுங்கள். அடிபட்ட பிறகு தேடினால் கிடைப்பதில்லை.

அந்தத் தோட்டக்காரர் இப்போது வேறு ஒரு குட்டி எடுத்திருக்கிறார். மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போடச் சொன்னேன். போட்டுவிட்டு, அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஆண்டுக்கு ஒரு முறை மறக்காமல் போட வேண்டும். சாலைப் பக்கம் இருந்த வேலிச் சந்தையும் முள் வைத்து அடைத்துவிட்டாராம்.